டைனிங் சேர்ல பூஸ்டர் சீட்டை ஆடாம கட்றது எப்படி? சேரே பின்னாடி சாயுது

மழைத்துளி
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு ஒரு வயசு தாண்டிடுச்சு, டைனிங் சேர் மேல வச்சு கட்ற மாதிரி ஒரு பூஸ்டர் சீட் வாங்கியிருக்கோம். ரெண்டு ஸ்ட்ராப் இருக்கு, ஒண்ணு சேர் முதுகை சுத்தி போகுது, இன்னொண்ணு உக்கார்ற பலகைக்கு அடியில போகுது. ரெண்டையும் முடிஞ்ச அளவு இழுத்து கட்டியும் சீட் பக்கவாட்டுல ஆடிக்கிட்டே இருக்கு. அதைவிட பெரிய பயம் இன்னொண்ணு. சாப்பிட்டு முடிச்சதும் டேபிள் ஓரத்துல ரெண்டு பாதத்தையும் வச்சு உந்துறான், சேரோட முன்னங்கால் தரையை விட்டு தூக்குது. பக்கத்துலயே இருந்ததால பிடிச்சிட்டேன், ஆனா ஒவ்வொரு வேளையும் திக்திக்னுதான் இருக்கு. சேர் மரம், மேல மெத்தை, முதுகுல செங்குத்தா சட்டம் சட்டமா இருக்கும். என்ன பண்ணா சரியாகும்?

தூங்காத_அப்பா
முதல்ல அந்த மெத்தை, கழட்டற டைப்பா இல்ல சேரோட சேர்த்து அடிச்சதா? கழட்ட முடியும்னா கழட்டிடுங்க, பாதி பிரச்சனை அங்கயே தீரும். நீங்க கட்டும்போது சீட் காலியா இருக்கும், பையன் உக்காந்ததும் ஸ்பாஞ்ச் அமுங்கும், அமுங்கின அளவுக்கு அடி ஸ்ட்ராப் லூஸ் ஆயிடும். எவ்வளவு டைட்டா கட்டினாலும் இதேதான்.

கழட்ட முடியாத மெத்தைன்னா, பூஸ்டரை வச்சு உங்க முழங்காலை அது மேல ஊனி நல்லா அழுத்துங்க, அழுத்தினபடியே ஸ்ட்ராப் நுனியை இழுங்க. ஒருத்தர் அழுத்த இன்னொருத்தர் இழுத்தா இன்னும் நல்லது. அப்புறம் பூஸ்டரோட ரெண்டு பக்கத்தையும் பிடிச்சு இடம் வலம், முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க. சேரும் பூஸ்டரும் ஒரே பொருளா சேர்ந்து நகரணும். பூஸ்டர் மட்டும் தனியா நகர்ந்தா இன்னும் கட்டணும்னு அர்த்தம்.

உளிச்சத்தம்
நான் மரவேலைக்காரன், சேர் செய்யறது பழுது பாக்கறதுதான் தொழில். மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா மழைத்துளி கேட்டதுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, அதை கலந்துக்கக் கூடாது. ஸ்ட்ராப் பூஸ்டரை சேரோட கட்டுது. சேரை தரையோட எதுவும் கட்டலை. நீங்க எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சேர் சாஞ்சா எல்லாம் சேர்ந்தே சாயும். பையனும் பெல்ட்ல இருப்பான், கையை ஊனிக்கக் கூட முடியாம தலை பின்னாடி போய் அடிக்கும். அதனால ஸ்ட்ராப் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி சேரைப் பத்தி யோசிங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. சாதாரண மர டைனிங் சேர் பல வீட்ல அஞ்சாறு கிலோதான் இருக்கும். ஒரு வயசு குழந்தை 9, 10 கிலோ. அதாவது மேல உக்காந்திருக்கறது கீழ இருக்கறதைவிட கனம். சேர் சீட் உயரம் ஏறக்குறைய 45 செ.மீ., அதுக்கு மேல பூஸ்டர், அதுக்கு மேல குழந்தை. பாரம் எல்லாம் மேல போயிடுது. டேபிள் உயரம் கிட்டத்தட்ட 75 செ.மீ., குழந்தை உந்தறது அந்த உயரத்துல. கடப்பாரையால நெம்புற மாதிரிதான், பின்னங்கால் தரையில ஊனியிருக்கற இடம்தான் நெம்புற முனை. அவ்வளவு உயரத்துல உந்தும்போது பெரிய பலம் எதுவும் தேவையில்லை.

இப்ப சேரை பக்கவாட்டுல நின்னு பாருங்க. பின்னங்கால் கீழ போகப் போக பின்னாடி விரிஞ்சு போகுதா, இல்ல நேர் செங்குத்தா இறங்குதா? விரிஞ்சு இருந்தா நல்லது, அந்த சேரைத்தான் எடுத்துக்கணும். பூஸ்டரைக் கட்டிட்டு, குழந்தை இல்லாம, முதுகோட மேல் நுனியில கையை வச்சு மெதுவா பின்னாடி தள்ளுங்க. வீட்ல வேற மாடல் சேர் இருந்தா அதுலயும் இதே மாதிரி பண்ணுங்க. எதுல முன்னங்கால் சீக்கிரம் எழும்புதுன்னு உங்க கைக்கே தெரியும், எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியலை.

இன்னொண்ணு, சீட் சட்டம் பின்னங்கால்ல போய்ச் சேர்ற மூட்டு. சேர் முதல்ல லூஸ் ஆகற இடம் அதுதான், ஏன்னா பெரியவங்க சாய்ஞ்சு உக்கார்ற பாரம் முழுக்க அங்கதான் விழும். முதுகைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டும்போது அந்த மூட்டுல கோடு மாதிரி இடைவெளி திறந்து மூடினா, அந்த சேர்ல பூஸ்டர் வைக்காதீங்க. பசை வச்சு இறுக்கி சரி பண்ணிட்டு வைங்க. ஆடற சேர்ல கட்டின பூஸ்டர் எப்பவும் ஆடத்தான் செய்யும், நீங்க ஸ்ட்ராப் மேல பழி போட்டுக்கிட்டு இருப்பீங்க.

நட்சத்திரா_மா
> சேரை தரையோட எதுவும் கட்டலை
அப்ப சேர் கால் நாலுக்கும் அடியில ரப்பர் மேட் போட்டா? நாங்க அப்படித்தான் வச்சிருக்கோம், நகரவே நகராது.

உளிச்சத்தம்
நகராது, ஆனா அதுலயே ஒரு ஆபத்து இருக்கு. வழவழ தரையில குழந்தை டேபிளை உந்தினா சேர் சறுக்கி பின்னாடி போகும், உந்தின வேகம் அப்படியே செலவாயிடும். கால் தரையை கெட்டியா பிடிச்சுக்கிட்டா சறுக்க முடியாது, சறுக்க முடியாதப்ப சேருக்கு இருக்கற ஒரே வழி சாயறதுதான். அதனாலதான் கார்ப்பெட் ஓரத்துல பின்னங்கால் தட்டற மாதிரி சேரைப் போடக்கூடாதுன்னு சொல்வேன். வழவழப்புல சறுக்கிக்கிட்டே வர்ற சேர் அந்த ஓரத்துல தட்டினா அப்படியே மல்லாக்க போகும்.

அதுக்காக வழுக்கற தரைதான் நல்லதுன்னு சொல்லலை. குழந்தை ஏறும்போது இறங்கும்போது சேர் ஓடக்கூடாது, அதுக்கு ரப்பர் உதவும். ஆனா உந்தறதுக்கு ரப்பர் மருந்து இல்லை. கால் எட்டாம பண்றதுதான் மருந்து.

தூங்காத_அப்பா
ஆமா, தூரம்தான். ரெண்டு வழி இருக்கு. ட்ரே போட்டு சாப்பிட வைக்கறதுன்னா சேரை டேபிள்ல இருந்து நல்லா தள்ளிப் போடுங்க, காலை முழுசா நீட்டினாலும் பாதம் எட்டக்கூடாது. டேபிள்லயே சாப்பிட வைக்கறதுன்னா ட்ரேயை எடுத்துட்டு முழுசா உள்ள தள்ளுங்க, வயிறு டேபிள் ஓரத்துக்கிட்ட வந்து தொடை பலகைக்கு கீழ போயிடணும், அப்ப பாதத்தைத் தூக்கி ஓரத்துல வைக்க இடமே இருக்காது. கையால தள்ளலாம், அதுக்கு பக்கத்துல ஆள் இருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல அரைகுறையா போடறதுதான் மோசம். பெரும்பாலான வீட்ல ட்ரேயோட டேபிளை ஒட்டி வச்சிருப்பாங்க, பாதம் சரியா ஓரத்துல போய் உக்காரும்.

சுட்டி_பொண்ணு_அம்மா
நாங்க சேர் முதுகை சுவத்தோட ஒட்டிப் போட்டுட்டோம், பின்னாடி சாயறதுக்கு இடமே இல்ல. இது போதும்தானே?

உளிச்சத்தம்
முதுகோட மேல் பாகம் சுவத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா பின்னாடி சாயறது நிக்கும், அது வரைக்கும் சரி. ஆனா பல வீட்ல தொடாது. சுவத்தோட கீழ பட்டை இருக்கும், பின்னங்கால் அதுல இடிச்சு நின்னுடும், மேல நாலு விரல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி அளவுக்கு சேர் சாஞ்சு சுவத்துல டக்குனு இடிக்கும், வழவழ தரைன்னா அப்ப பின்னங்கால் முன்னாடி வழுக்கலாம். நின்னு பாத்தா தெரியாது, குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க.

மூலையில மட்டும் போடாதீங்க. பக்கத்துல சுவர் கைக்கு எட்டற தூரத்துல இருந்தா அதைத் தள்ளி பக்கவாட்டுல சாய்ப்பாங்க, அந்தப் பக்கம் பிடிக்க ஒண்ணும் இருக்காது.

இரட்டைவால்
எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க, ரெண்டு பேரும் பூஸ்டர்லதான். எல்லாரும் சேரைப் பத்தியே பேசறீங்க, குழந்தையோட பெல்ட் பத்தி யாரும் சொல்லலையே. விழற கதை நிறைய அங்கதான் ஆரம்பிக்குது. சீட் கட்டியாச்சு, ட்ரே மாட்டியாச்சு, ட்ரே இருக்கே எங்க போயிடப் போறான்னு பெல்ட்டை விட்டுடறாங்க. ட்ரே சாப்பாடு வைக்கறதுக்கு, குழந்தையை நிறுத்தி வைக்கறதுக்கு இல்ல. எங்க சின்னது ட்ரேயை ரெண்டு கையாலயும் அழுத்தி ஒரு வினாடியில எழுந்து நிப்பான், நின்னான்னா மொத்த பாரமும் இன்னும் மேல போயிடுது, அப்பதான் சேரும் கூட சாயறது.

ரெண்டு காலுக்கு நடுவுல வர்ற வார் இருக்கு பாருங்க, அதை ஒருநாளும் விடாதீங்க. இடுப்பு பெல்ட் மட்டும் போட்டா குழந்தை கீழ்ப்பக்கமா சறுக்கும், உடம்பு ட்ரேக்கு அடியில போய் கழுத்து மாட்டும். இது விழறதை விட பயங்கரம், சத்தமே வராது. தோள் பெல்ட்டும் இருக்கற அஞ்சு முனை டைப்னா இன்னும் நிம்மதி, எழுந்திரிக்கற பிள்ளைக்கு அதுதான் சரிப்படும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு விரல் நுழையற அளவு போதும். தடிமனான டிரஸ் போட்ட அன்னைக்கு சரி பண்ணின அளவு மெல்லிசு டிரஸ்ல தொளதொளன்னு இருக்கும், அதனால உக்கார வைக்கும்போதெல்லாம் விரலை விட்டுப் பாருங்க.

கட்ற வரிசையும் முக்கியம். முதல்ல பூஸ்டரை சேர்ல கட்டி ஆட்டிப் பார்த்துட்டுதான் பிள்ளையை உக்கார வைக்கணும், உக்கார வச்ச கையோட பெல்ட், அப்புறம் ட்ரே. இறக்கும்போது ட்ரே, பெல்ட், பிள்ளை. பிள்ளை இறங்கினதுக்கு அப்புறம்தான் சேர் ஸ்ட்ராப்பைத் தொடணும்.

வெண்ணிலா_7
பெல்ட் பக்கிள் உடைஞ்சு போச்சு எங்களுக்கு. இப்போதைக்கு ஒரு ஷாலை வச்சு இடுப்போட சேர்த்து சேர்ல கட்டிடறோம், கெட்டியாத்தான் இருக்கு.

இரட்டைவால்
வேண்டாம்மா, தயவுசெஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. துணி மேல ஏறும், வயித்துல இருந்து நெஞ்சுக்கு, நெஞ்சுல இருந்து கழுத்துக்கு வந்துடும். முடிச்சு இறுகும், அவசரத்துல அவிழ்க்க முடியாது. சாப்பாடு தொண்டையில அடைச்சா உடனே பிள்ளையை வெளிய எடுக்கணும், பக்கிள்னா ஒரே அழுத்துல திறக்கும், முடிச்சை நடுங்கற கையால அவிழ்த்துக்கிட்டு இருக்க முடியுமா? கம்பெனிக்கு எழுதி அதே மாடலுக்கான பக்கிள் கேளுங்க. கிடைக்கலைன்னா புதுசு வாங்கற வரைக்கும் மடியில உக்கார வச்சு ஊட்டுங்க, இல்ல தரையில பாய் போட்டு உக்கார வைங்க.

தூங்காத_அப்பா
இதே மாதிரி சேர் ஸ்ட்ராப் அறுந்துட்டா கயிறு, எலாஸ்டிக் கொக்கி எல்லாம் போடறவங்க உண்டு. எலாஸ்டிக் இழுத்தா நீளும், அதனால கெட்டியா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் குழந்தை ஒரு பக்கமா பலமா சாயும்போது பூஸ்டரை விட்டுக்கொடுத்துடும்.

மழைத்துளி
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெத்தை நாலு திருகு போட்டு அடியில இருந்து மாட்டினதுதான், கழட்டிட்டேன், அடியில தட்டையான பலகை இருக்கு. ஆட்டம் பெரும்பாலும் போயிடுச்சு. சேரைத் தள்ளிப் போட்டு ட்ரேல சாப்பிட வச்சேன், உந்தறதுக்கு காலை நீட்டினான், ஒண்ணும் எட்டலை, விட்டுட்டான்.

இப்ப ஒரே சந்தேகம். முதுகு ஸ்ட்ராப் ரெண்டு மூணு வேளைக்கு அப்புறம் தொளதொளன்னு ஆயிடுது, சட்டத்து மேல ஏறி வேற நிக்குது. ஏன்?

தூங்காத_அப்பா
ரெண்டு காரணம் இருக்கும். ஒண்ணு, சேர் முதுகு மேல போகப் போக குறுகலா இருந்தா ஸ்ட்ராப் தானா மேல ஏறும், ஏறினா அங்க அகலம் கம்மி, லூஸ் ஆயிடும். உங்க சேர்ல செங்குத்து சட்டம் இருக்கு, அதை இணைக்கற குறுக்குச் சட்டம் எங்கயாவது கீழ இருக்கா? இருந்தா ஸ்ட்ராப்பை அதுக்கு கீழ்ப்பக்கமா விட்டு ரெண்டு ஓரத்து கெட்டியான கால்களையும் சேர்த்து சுத்துங்க, மேல ஏற வழி இருக்காது. நடுவுல இருக்கற ஒல்லிச் சட்டத்தை மட்டும் சுத்திக் கட்டாதீங்க, அது வளையும். உங்க மேனுவல்ல வேற விதமா படம் போட்டிருந்தா அதுதான் கணக்கு, நான் சொல்றது இல்ல.

ரெண்டாவது, பக்கிள்ல வார் நழுவறது. இதை கிட்ட வச்சுப் பாருங்க. நீளத்தைக் கூட்டிக் குறைக்கற அந்த பிளாஸ்டிக் துண்டுல நடுவுல ஒரு கம்பி இருக்கும், அதோட ஒரு விளிம்பு பல்லு பல்லா இருக்கும். வார் அந்தப் பல்லுல அமுங்கினாதான் பிடிக்கும். வார் திருகிப் போயிருந்தா ஒரு ஓரம் மட்டும்தான் பல்லுல படும், இழுக்க இழுக்க நழுவும். முழுசா உருவி, திருகல் இல்லாம தட்டையா மறுபடி கோத்துட்டு, இழுத்தபின் மிச்சம் இருக்கற வால் பகுதியை தொங்க விடாம சுருட்டி ஸ்ட்ராப்புக்கு அடியில செருகிடுங்க. தொங்கற வார் குழந்தை கைக்கு எட்டக்கூடாது, எட்டினா அதை இழுத்து விளையாடும், கழுத்துல மாட்டற ஆபத்தும் இருக்கு. பக்கிள் சேரோட பின்புறம் நடுவுல வர்ற மாதிரி வைங்க. பக்கிள் பூட்டும்போது கிளிக்னு சத்தம் கேட்டாலும், பூட்டினபடியே ரெண்டு பக்கமும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துடுங்க.

சுட்டி_பொண்ணு_அம்மா
எங்க பெரியவ தங்கச்சி சாப்பிடும்போது பின்னாடி வந்து சேர் முதுகைப் பிடிச்சு தொங்கறா. தங்கச்சிக்கு விளையாட்டு காட்டறாளாம்.

இரட்டைவால்
இதுக்கு எந்த ஸ்ட்ராப்பும் உதவாது. பெரியவளுக்கு தனியா ஒரு இடம் கொடுங்க, எதிர்ப்பக்கம் நின்னு தங்கச்சி முகத்தைப் பாக்கற மாதிரி. "பின்னாடி போகாதே"ன்னு சொல்றதைவிட "நீ இங்க நில்லு, அவ சாப்பிடறாளான்னு பாரு"ன்னு சொன்னா கேக்கறாங்க. சேர் முதுகுல பை, ஈரத்துண்டு, பெரியவங்க கைப்பை எல்லாம் மாட்டறதையும் விட்டுடுங்க, அதுவும் பின்னாடி இழுக்கற பாரம்தான்.

நட்சத்திரா_மா
பிளாஸ்டிக் சேர்ல கட்டலாமா? எங்க அம்மா வீட்ல அதுதான் இருக்கு.

உளிச்சத்தம்
வேண்டாம். ஒரே அச்சுல வார்த்த பிளாஸ்டிக் சேர் ரொம்ப லேசு, கால் வளைஞ்சு கொடுக்கும், சீட் நடுவுல குழிஞ்சு இருக்கும், பூஸ்டரோட அடிப்பாகம் ஓரத்துல மட்டும் உக்காரும். வழுவழுன்னு இருக்கறதால ஸ்ட்ராப்பும் நழுவும். மடக்கற சேர், சுத்தற சேர், சக்கரம் வச்சது, ஆடற சேர், முதுகு இல்லாத ஸ்டூல், மூணு கால் சேர், உயரமான பார் ஸ்டூல் இதுல எதுலயும் கட்டக்கூடாது. நாலு கால், தட்டையான சீட், கெட்டியான முதுகு. பூஸ்டரோட அடி முழுக்க சேர் சீட்டுக்குள்ள அடங்கணும், ஒரு விரல் கூட வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது.

அங்க நல்ல சேர் இல்லன்னா பூஸ்டரை தரையிலயே வைங்க. தரையில வைக்கலாம்னு மேனுவல்ல போட்டிருக்கற மாடல் நிறைய இருக்கு, பெல்ட் மட்டும் போட்டா போதும். டேபிள் மேல, கிச்சன் மேடை மேல வைக்கறது மட்டும் ஒருக்காலும் கூடாது.

வெண்ணிலா_7
அக்கா சொன்ன மாதிரி ஷாலை நிறுத்திட்டேன். தெரிஞ்சவங்க பழைய பூஸ்டர் ஒண்ணு தர்றேன்னு சொல்றாங்க, வாங்கலாமா? எதைப் பாக்கணும்?

தூங்காத_அப்பா
சேர் ஸ்ட்ராப் ரெண்டும், காலுக்கு நடுவுல வர்ற வாரும் இருக்கான்னு முதல்ல பாருங்க. பழசுல அடி ஸ்ட்ராப்தான் பெரும்பாலும் காணாம போயிருக்கும், அது இல்லாம முதுகு ஸ்ட்ராப் மட்டும் வச்சு கட்டினா முன்பக்கம் எழும்பும். வார் ஓரம் பிசிறியிருக்கா, தையல் விட்டிருக்கா, ஸ்ட்ராப் நுழையற பிளாஸ்டிக் துளை ஓரத்துல வெள்ளை வெள்ளையா கீறல் இருக்கா பாருங்க. அந்த வெள்ளைக் கீறல் வந்துட்டா பிளாஸ்டிக் களைச்சுப் போச்சு, அங்கதான் உடையும்.

அடியில லேபிள் இருக்கும். ஐரோப்பாவுல இந்த சேர்ல கட்ற சீட்டுக்குன்னே ஈஎன் 16120ன்னு ஒரு தரம் இருக்கு, அமெரிக்காவுல ஏஎஸ்டிஎம் எஃப்2640. லேபிள்ல மாடல் எண்ணைப் பார்த்து, குறை இருக்குன்னு கம்பெனியே திரும்ப வாங்கிக்கிட்ட மாடலான்னு அவங்க தளத்துல தேடுங்க. எடை வரம்பு மாடலுக்கு மாடல் மாறும், சிலது 15 கிலோ, சிலது 20 கிலோவுக்கு மேலயும் போகும். காருக்கான பூஸ்டர் வேற, சாப்பாட்டு பூஸ்டர் வேற, ரெண்டையும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி பயன்படுத்தக் கூடாது, பேர் ஒண்ணா இருக்கறதால சிலர் குழப்பிக்கறாங்க.

கடலோரம்
நடுவுல ஒரு கேள்வி, எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? எங்களுக்கு இப்பதான் ஆறு மாசம் ஆகப்போகுது, மாமியார் உக்கார வைங்கன்னு சொல்றாங்க.

இரட்டைவால்
மாசக் கணக்கை மட்டும் பாக்காதீங்க. யாரும் பிடிக்காம, தலையணை முட்டுக் கொடுக்காம, தானா நிமிர்ந்து உக்காரணும். சரிஞ்சு சரிஞ்சு விழற பிள்ளையை பெல்ட்ல நிறுத்தி வச்சா தலை முன்னாடி தொங்கும், முழுங்கறதும் சிரமம், மூச்சும் சிரமம். உக்கார பழகற வரைக்கும் மடிதான் நல்லது. உங்க மாமியார்கிட்ட மடியில நீங்களே வச்சுக்கோங்க அத்தைன்னு சொல்லுங்க, சந்தோஷமா வச்சுப்பாங்க.

மழைத்துளி
கேக்க மறந்துட்டேன், ஸ்ட்ராப் எல்லாம் சாப்பாடு பட்டு விறைச்சுப் போகுது, பக்கிள் கூட சரியா பூட்ட மாட்டேங்குது. கழுவலாமா?

தூங்காத_அப்பா
கழுவலாம், கழுவணும். பக்கிளுக்குள்ள ஒரு பருக்கை காஞ்சு நின்னாலே ஒரு பக்கத்து கொக்கி மட்டும் மாட்டும், பாத்தா பூட்டின மாதிரிதான் இருக்கும், இழுத்தா வந்துடும். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, பழைய டூத் பிரஷ். ப்ளீச் போடாதீங்க, கொதிக்கற தண்ணியும் வேண்டாம், வார் நூல் பலம் போயிடும். நிழல்ல காய வைங்க. நைலான் வார்னா ஈரத்துல கொஞ்சம் நீளும், அதனால ஈரமா இருக்கும்போதே கட்டி விட்டுடாம நல்லா காஞ்சப்புறம் மாட்டி, முழங்காலை ஊனி இழுத்து, ஆட்டிப் பார்த்துட்டு உக்கார வைங்க.